அத்தியாயம் 7: வேலமரமும் தீவனப் புல்லும்

வீட்டை ஒட்டி ஐந்து சென்ட்டோ ஐம்பது சென்ட்டோ நிலம் இருக்கிறது. நாலு ஆடோ ஒரு மாடோ இருக்கிறது, அல்லது வாங்கும் எண்ணம் இருக்கிறது. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டுபடியாகவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம். புல் மூன்று மாதத்துக்குள் கைக்கு வரும். நிழலும் நெற்றும் விறகும் தருவதற்கு வேலமரம் சில ஆண்டுகள் எடுக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே பருவத்தில் தொடங்கச் சொல்கிறேன். மரம் வளரட்டும், பிறகு புல்லைப் பார்க்கலாம் என்று இருந்தால் ஆடு பட்டினி கிடக்கும். புல் வந்துவிட்டதே என்று மரத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்த கோடையில் வெறும் வெயில்தான் மிஞ்சும்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மேலே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி. தண்ணீர் பாய்ச்சாமல், பெய்கிற மழையை மட்டும் நம்பிக் காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மேய்ச்சல் நிலங்கள் அவை. வெள்வேலின் இலை பொடி இலை. அதனூடே வெயில் சிதறி இறங்குவதால் அடியில் புல் சாவதில்லை. மரத்தின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான்; இனி வேலையைப் பார்ப்போம்.

முதலில் இரண்டு கணக்கு

நாற்றுப்பண்ணைக்குப் போகும் முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

1. தண்ணீர்க் கணக்கு. மழைக்காலத்துத் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்சத் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் கம்பு நேப்பியர் வைக்கலாம். இல்லையென்றால் கொழுக்கட்டைப் புல்தான். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீரைத் திருப்பிவிட முடியுமானால் ஒரு சென்ட் அளவுக்குப் பசுந்தீவனம் நிற்கும். கழிவறை சுத்தம் செய்யும் திரவமும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரை மட்டும் விடக்கூடாது.

2. வாய்க் கணக்கு. ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். வளர்ந்த ஆட்டுக்கு 4 கிலோ. கோ-4 ரகக் கம்பு நேப்பியருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 380 டன் அளவில். சென்ட் கணக்கில் பார்த்தால் நாளைக்கு ஏறக்குறைய 4 கிலோ வரும். அது நல்ல உரமும் தடையில்லாத தண்ணீரும் கொடுத்த நிலத்தின் கணக்கு. வீட்டுக் கொல்லையில் அதில் பாதியை எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். அதாவது ஓர் ஆட்டுக்கு இரண்டு சென்ட், ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டு சென்ட். கூடுதலாக வந்தால் லாபம்.

கணக்கு இடிக்கிறது என்றால் நிலத்தைத் தேடாதீர்கள், வாயைக் குறையுங்கள். ஐந்து சென்ட்டில் பத்து ஆட்டைக் கட்டிவிட்டு, வைத்த கன்றுகளையெல்லாம் தின்னக் கொடுத்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

எந்த வேலமரம்?

கருவேல். ஆழமான மண், ஏரியோரம், வாய்க்கால் கரை, மழையில் தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலை ஆகிய இடங்களுக்கு ஏற்றது. நாட்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் தாங்கும் என்பதால்தான் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிக்குள்ளேயே இதை வளர்த்தார்கள். நெற்றை ஆடு ஆவலாய்த் தின்னும். விறகு நின்று எரியும். ஈரமுள்ள இடத்தில் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். முள் நீளமானது, வெள்ளையாய் ஜோடி ஜோடியாய் நிற்கும். வாசல் பக்கமும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் வேண்டாம்.

வெள்வேல். மேட்டு நிலம், சரளை மண், மழை குறைந்த ஊர் என்றால் இதுதான் முதல் தேர்வு. பட்டை வெளிறி இருக்கும், பூ இளமஞ்சள். கருவேலை விட மெதுவாய் வளரும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், வறட்சியில் நிற்பது இதுதான். புல்லோடு சேர்த்து வைக்க இதை விடப் பொருத்தமான வேல் எனக்குத் தெரியாது.

குடைவேல். உடைமரம் என்றும் சொல்வார்கள். இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட மண்ணில் தானாகவே முளைக்கிறது. அந்த மாவட்டங்களில் இருப்பவர்கள் கன்று தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே முளைத்திருப்பதைக் காத்தாலே போதும்.

கத்தி வடிவ இலை வேல். நாற்றுப்பண்ணையில் ‘அக்கேசியா’ என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினியா, இந்தோனேசியப் பகுதிகளிலிருந்து வந்த மரம். முள் கிடையாது, தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் உயரும். வேகம் மட்டும் வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் சரி. ஆனால் ஆடுமாடு இதன் இலையை விரும்புவதில்லை. உதிர்ந்த இலை சீக்கிரம் மட்காமல் மெத்தையாய்ப் படிந்து புல்லை அமுக்கிவிடும். கிளை முறியும் குணம் உண்டு. கடற்கரை மாவட்டங்களில் வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகில் வைக்கவே கூடாது. தானே, கஜா புயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாஞ்சியம். விளம்பரத்தில் பெரிதாய்ப் பேசப்படும் மரம். மழை நிறைந்த ஊர்களுக்கு உரியது. மழை குறைந்த சமவெளிக் கொல்லைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள், அங்கே சீகை மரம் என்று சொல்லப்படும் வாட்டிலை வைக்காதீர்கள். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த மரம் சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டது. அதை அகற்றத்தான் இப்போது பாடுபடுகிறார்கள். சமவெளியில் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடி வேறு. அது வேலியில் ஏற்றிவிட நல்ல கொடி, முள் மட்டும் கொக்கிபோல் மாட்டும்.

சீமைக்கருவேலை எடுத்து வந்துவிடாதீர்கள்

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். கருவேல் விதை என்று பொறுக்கி வந்து சீமைக்கருவேலை முளைக்க வைத்துவிடுகிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது வேல இனமே அல்ல. ஒருமுறை வேர் பிடித்தால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் நெற்றைத் தின்ற ஆடு புழுக்கை வழியாகக் கொல்லை முழுக்க விதைத்துவிடும். பிரித்தறிய மூன்று அடையாளங்கள்:

1. பூ. கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர்.
2. நெற்று. கருவேல் நெற்று சாம்பல் பூத்து, விதைக்கு விதை இறுகி, மணி கோத்ததுபோல் இருக்கும். சீமைக்கருவேல் நெற்று வைக்கோல் நிறத்தில், இறுக்கமில்லாமல் லேசாய் வளைந்திருக்கும்.
3. மரம். கருவேலுக்குத் தெளிவான ஒற்றை அடிமரமும் கருத்து வெடித்த பட்டையும் உண்டு. சீமைக்கருவேல் பெரும்பாலும் தூரிலிருந்தே பல கிளையாய்ப் புதராகும்.

மூன்றும் ஒத்துவராத மரத்தடியில் விதை பொறுக்காதீர்கள்.

விதையிலிருந்து கன்று

1. கோடையில் நெற்று முற்றும்போது மரத்திலிருந்தே பறியுங்கள். தரையில் நாள்பட்டுக் கிடந்த நெற்றில் வண்டு துளைத்திருக்கும். ஊசித் துளை தெரிகிற விதையை ஒதுக்குங்கள்.

2. வேல விதையின் தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கிய பிறகு விதையைப் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஓர் இரவு ஆறவிடுங்கள். அடுப்பின் மேல் வைத்தபடி விதையைப் போட்டால் முளை வெந்துவிடும்.

3. காலையில் உப்பிய விதைகளை மட்டும் எடுத்து விதையுங்கள். உப்பாதவற்றுக்கு மறுபடி ஒருமுறை சுடுநீர்.

4. பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். நெற்றைத் தின்ற ஆடு அசைபோடும்போது துப்பும் விதையும் புழுக்கையோடு வரும் விதையும் நன்றாய் முளைக்கும். பட்டியைக் கூட்டும்போது பொறுக்கிக்கொள்ளுங்கள்.

5. செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றையும் சமமாய்க் கலந்து பாலிதீன் பையில் நிரப்பி, பைக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஜூன், ஜூலையில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குக் கன்று தயார்.

6. வேலக்கன்றின் ஆணிவேர் பையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் இறங்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள். இதைச் செய்யாமல் நடும் நாளில் பையைப் பிடுங்கினால் ஆணிவேர் அறுந்து கன்று வாடிவிடும். ‘வேல் எங்கள் மண்ணில் பிடிக்கவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

எந்தப் புல்?

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தண்ணீர் உள்ளவர்களுக்கு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 ரகங்கள் ஊரெங்கும் பரவிவிட்டன. விதை கிடையாது, கரணைதான். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடைப் பண்ணையிலோ கேட்டால் வழிசொல்வார்கள். தாய்லாந்திலிருந்து வந்த பாக்சோங் ரகம் ‘சூப்பர் நேப்பியர்’ என்ற பெயரில் விற்கிறது. உயரமாய் வரும் என்பது உண்மை. ஆனால் அறுப்பு தள்ளிப்போனால் தண்டு கட்டையாகி, ஆடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் கழித்துவிடும். ஆடு மட்டும் வைத்திருப்பவர்கள் அதன் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கினியாப் புல். தென்னை, மா, வேலமரத்தின் நிழல் விழும் இடத்துக்கு. மெல்லிய தண்டு, ஆட்டுக்கும் முயலுக்கும் தோது. தூரைப் பிரித்து நடலாம்.

கொழுக்கட்டைப் புல். மானாவாரிக்கு. ஒருமுறை தூர் கட்டிவிட்டால் வறட்சியில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புதிதாய்ப் பறித்த விதை முளைக்காது. ஆறு மாதமாவது உறங்கிக் கிடக்க வேண்டும். விதை வாங்கும்போது எப்போது அறுவடை செய்தது என்று கேளுங்கள். விதை பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈரமணலில் பிசைந்து தூவி, மேலே மிக லேசாக மண் போடுங்கள். ஆழம் போனால் முளை வெளியே வராது.

வேலிமசால். இது புல் அல்ல, பயறுவகைச் செடி. பெயருக்கேற்ப வேலியோரத்தில் வைக்கலாம். புல் மட்டும் தின்னும் மாட்டுக்குப் புரதம் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்று கலந்து கொடுத்தால் பால் நிற்கும். வேல விதைபோலவே இதற்கும் சுடுநீர் வேண்டும், ஆனால் நாலைந்து நிமிடம் போதும். பிறகு பச்சைத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

சவுண்டல் என்னும் சூபாபுல்லைப் பலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல தீவனம்தான். ஆனால் அதன் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித் தொடர்ந்து கொடுத்தால் முடி கொட்டும். கொல்லை முழுக்க அதையே வைத்துவிட்டால் அளவைக் காக்க முடியாது.

நடவு: எதை எங்கே, எந்த வரிசையில்

1. வேலி. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்துகளை எல்லையில் நெருக்கமாய் ஊன்றுங்கள். அது வேர் பிடித்து அடைக்கும் வரை வெட்டிய முள்ளால் படல் கட்டுங்கள். வேலி இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கன்று வைத்த வாரத்தில் பக்கத்து வீட்டு ஆடு வந்து மேய்ந்துவிட்டதென்றால் குற்றம் ஆட்டின் மேல் இல்லை.

2. மரக்குழி. எல்லையோரமாக, மரத்துக்கு மரம் 5 மீட்டர் இடைவெளியில், ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி மூன்றிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி. குழிக்கு நேர் மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

3. மரத்தை மேற்கு, தெற்கு ஓரங்களில் வைத்தால் பிற்பகல் வெயில் தணியும், காலை வெயில் புல்லுக்குக் கிடைக்கும்.

4. புல் பாத்தி. ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ மட்கிய தொழுவுரம் போட்டுக் கொத்தி, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடியுங்கள்.

5. கரணை. மூன்று மாத வயதான தண்டின் அடிப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வெட்டுங்கள்; நுனி வேண்டாம். ஒரு கரணைக்கு இரண்டு கணு. ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே இருக்கும்படி சாய்த்து, 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாய் நடுங்கள். சென்ட்டுக்கு 130 கரணை பிடிக்கும். பழுது நட இருபது கூடுதலாய் வாங்குங்கள். கணுவைத் தலைகீழாய் ஊன்றுவது முதல்முறை நடுபவர்களிடம் அடிக்கடி நடக்கும். மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து ஊன்றுங்கள்.

6. உயிர்த்தண்ணீர். நட்டவுடன் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, பிறகு பத்து நாளுக்கு ஒன்று.

7. முதல் ஒன்றரை மாதம் களை எடுப்பதுதான் வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே, கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

மழையில் மண் அரித்துப் போகும் சரிவு இருந்தால் அந்தக் கரையில் மட்டும் ஒரு வரிசை வெட்டிவேர் வையுங்கள். அது தீவனத்துக்காக அல்ல, மண்ணைப் பிடிக்க.

அறுப்பு

கம்பு நேப்பியரின் முதல் அறுப்பு நட்ட 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தரையிலிருந்து அரைச்சாண் விட்டு, கூரான அரிவாளால் ஒரே வெட்டாக அறுக்க வேண்டும். மழுங்கிய அரிவாளால் இழுத்தால் தூர் கிழிந்து அழுகும். மொத்தப் பாத்தியையும் ஒரே நாளில் அறுக்காதீர்கள். பாத்தியை ஒன்பது துண்டாகப் பிரித்து ஐந்து நாளுக்கு ஒரு துண்டு என்று போனால், ஒன்பதாவது முடியும்போது முதல் துண்டு மறுபடி தயாராக இருக்கும். தினமும் பச்சை கிடைப்பதற்கு இதை விட எளிய வழியில்லை.

ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் சாணக்கரைசல் விட்டால் போதும். யூரியாதான் வேண்டுமென்றால் சென்ட்டுக்கு அரை கிலோவைத் தாண்டாமல், அறுத்த வாரத்திலேயே போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். யூரியா போட்ட மூன்று வாரத்துக்குள் அந்தப் புல்லை அறுத்துப் போட்டால் அதில் தேங்கியிருக்கும் நைட்ரேட் மாட்டுக்கு ஆபத்து.

மூன்று, நான்கு ஆண்டில் தூர் மரத்துப்போய் விளைச்சல் இறங்கும். அப்போது பழைய தூரைக் கிளறி எறிந்துவிட்டு உங்கள் சொந்தக் கரணையையே நடுங்கள்.

பாதுகாப்பு

முள். வேலமரம் கவாத்து செய்யும் நாளில் கெட்டி அடிப்பாக ஷூ, தோல் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். ரப்பர் செருப்பை முள் துளைத்துவிடும். வெட்டிய கிளையை அன்றே வேலிக்குக் கொண்டுபோங்கள். ஆழமாகக் குத்தினால் முள் முழுதாய் வந்துவிட்டதா என்று பார்த்து, சோப்பால் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். கண்ணில் முள் பட்டால் நீங்களே எடுக்க முயலாமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாம்பு. அடர்ந்த புல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். வீட்டு வாசலுக்கும் புல் பாத்திக்கும் நடுவே மூன்று மீட்டர் வெறுந்தரையாய் இருக்கட்டும். விடியும் முன்னும் இருட்டிய பின்னும் அறுக்காதீர்கள். அரிவாளை வீசும் முன் தடியால் தூரைத் தட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

புல் நறுக்கும் இயந்திரம். விரல் போவது பெரும்பாலும் இங்கேதான். முந்தானை, துண்டு, வளையல் எதுவும் தொங்கக் கூடாது. கடைசிக் கைப்பிடிப் புல்லைக் கையால் தள்ளாமல் மரக்கட்டையால் தள்ளுங்கள். சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சக்கரம் நின்ற பிறகே கை வையுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

சோளத்தட்டு. இடைவெளிக்குத் தீவனச் சோளம் விதைப்பவர்கள், பூக்கும் முன் அதை அறுத்துப் போடாதீர்கள். இளம் பயிரிலும் வாடிய பயிரிலும் சயனைடு நச்சு இருக்கும். வெட்டிய பின் வளர்ந்த மறுதாம்புத் துளிரில் மாடு வாய் வைத்தால் நிமிடங்களில் விழுந்துவிடும்.

மரம் கைக்கு வரும்போது

முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் கன்றுக்குக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மார்பளவுக்குக் கீழே இருக்கும் பக்கக் கிளைகளை மட்டும் அடிமரத்தோடு ஒட்டக் கழியுங்கள், உச்சியைத் தொடாதீர்கள். நுனிக் கொழுந்து ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை ஆட்டைக் கொல்லைக்குள் அவிழ்த்துவிடக் கூடாது. அதுவரை புல்லை அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டிலில் போடுவதுதான் முறை.

காய்க்கத் தொடங்கியதும் நெற்றைப் பறித்து வெயிலில் உலர்த்தி, தட்டி உடைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். பச்சை அற்றுப்போகும் மே மாதத்துக்கு அது சேமிப்பு. கருவேல் நெற்றில் துவர்ப்பு அதிகம். எனவே ஆட்டுக்கு நாளைக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். உலர்ந்த புல்லோடு கலந்தே கொடுங்கள். சாக்கில் கட்டும் முன் நெற்று கலகலவென்று உலர்ந்திருக்கிறதா என்று உடைத்துப் பாருங்கள். ஈரத்தோடு கட்டிப் பூசணம் பிடித்த நெற்றை ஆட்டுக்குப் போடாமல் குப்பைக்குழியில் சேர்த்துவிடுங்கள்.